காலை நனைச்சுட்டு வாங்க

எங்கள் பண்ணையில் பெரிய சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் இருக்கும் மருந்துத் தொட்டியில் இரண்டு காலையும் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். முட்டை லாரி வந்தால் சக்கரம் நனையும். தீவன லாரி வந்தால் சக்கரத்தோடு டிரைவரும் நனைவார். முதலாளி சென்னியப்பனின் சம்பந்தி ஒருமுறை பட்டு வேட்டியோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் இறங்கித்தான் ஏறினார். கலெக்டர் வந்தாலும் அதேதான் என்று முதலாளி சொல்வார். கலெக்டர் இதுவரை வந்ததில்லை.

அந்த வாசலில் நிற்பவள் நான். பெயர் மதுமதி. சேந்தமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. வாசலில் நிற்கிறவளுக்கு வாய் நீளமாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் கோழி பிழைக்கும் என்பது என் கட்சி.

ஆரம்பத்தில் ஆளாளுக்குக் கோபித்துக்கொண்டார்கள். "ஏனுங்க, எங்க காலென்ன சாக்கடைலயா கெடந்துச்சு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "தொட்டிக்கு உங்க மேல சந்தேகம் இல்லீங்க. அதுக்குக் கண்ணே கெடையாது. எல்லாக் காலும் அதுக்கு ஒண்ணுதான்" என்பேன். பக்கத்துப் பண்ணையில் ஒரு காய்ச்சல் வந்து ஷெட் ஷெட்டாகக் கோழி போன பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. இப்போதெல்லாம் பேசிக்கொண்டே இறங்கி, பேசிக்கொண்டே ஏறிவிடுகிறார்கள்.

ஊருக்கெல்லாம் இவ்வளவு நியாயம் பேசுகிற எனக்கு, என் வீட்டு வாசலில் அதையே சொல்ல வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் தீனதயாளன் ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடுகிற வண்டி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் லாரியில் இருப்பார், இல்லாவிட்டால் ரிக்கில் இருப்பார். தைப்பொங்கல் முடிந்து சத்தீஸ்கர் பக்கம் போனால், அங்கே மழை பிடித்து மண் சேறாகி வண்டி இறங்க முடியாமல் போகும்போதுதான் ஊர் திரும்புவார். எங்கள் பாப்பா இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த முறை வந்ததும் அவளுக்கு ஒரு தம்பியோ தங்கையோ என்று போனிலேயே பேசி முடிவு செய்திருந்தோம். எனக்கு அந்த ஆசை ரொம்ப இருந்தது. குழந்தைக்கு முன்னால் இன்னொரு விஷயமும் நடக்க வேண்டியிருந்தது. அவர் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அதற்குக் காரணம் எங்கள் பண்ணையில் முட்டை பிரிக்கிற ஒரு பெண். பெயரை மாற்றித்தான் சொல்ல வேண்டும். தேவிப்ரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் புருஷனும் ரிக்கில் போகிறவர்தான். மாசமாக இருக்கும்போது ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவருக்கும் இருந்தது. இரண்டு பேரும் மாத்திரை எடுக்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இன்று அது பண்ணை வாசலில் நின்று என்னையே அதட்டுகிறது. அவர்கள் குடும்பம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் என்னிடம் ஒருநாள் சொன்னதை மறக்க முடியவில்லை.

"அவரு வந்தன்னைக்கே எனக்கு மனசுல ஒண்ணு உறுத்துச்சுக்கா. கேட்டா என்ன நெனைப்பாரோன்னு கேக்கல. வேறொண்ணும் இல்ல, கூச்சந்தான். அந்தக் கூச்சத்துக்குத்தான் இப்பத் தெனமும் மாத்தரை போட்டுக்கறேன்."

ஆடி பிறந்து நாலைந்து நாளில் அவர் வந்து இறங்கினார். கறுத்துப்போய், கழுத்தெலும்பு தெரிய, கம்ப்ரசர் சத்தத்திலேயே இருந்த பழக்கத்தில் வீடே அதிரப் பேசிக்கொண்டு வந்தார். பாப்பாவுக்குப் பாவாடை, எனக்கு ஒரு பச்சைச் சேலை. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தோசத்தில் கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டேன். அதுவேறு எரிச்சலாக இருந்தது. இப்படி உருகிக்கொண்டு நிற்கிறவள் எப்படி அதைக் கேட்பாள்?

பாப்பாவை நடுவில் படுக்கப் போட்டேன். அப்பாவைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, ஏங்கிப்போய்விட்டாள் என்றேன். மறுநாளும் ஏங்கிப்போயிருந்தாள். அதற்கடுத்த நாளும் அவள் ஏக்கம் தீரவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாய் ஓரத்தில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு இரண்டு பயம் இருந்தது. அவர் எதையாவது கொண்டுவந்திருப்பாரோ என்பது ஒன்று. கேட்டதற்காகக் கோபித்துக்கொண்டு என்னை வெறுத்துவிடுவாரோ என்பது இன்னொன்று. நியாயமாகப் பார்த்தால் முதல் பயம்தான் பெரிதாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. பெண்டாட்டிகள் எல்லாம் இப்படித்தான் இருப்பார்களா, நான் மட்டும்தான் இப்படியா என்று தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மத்தியானம் எனக்குச் சோற்றுத் தூக்குப் போசியைக் கொடுப்பதற்காகப் பண்ணைக்கு வந்தார். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, செருப்போடு தொட்டியில் இறங்கி, மறுபக்கம் ஏறி, காலை உதறிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. விட்டால் இந்த மாதிரி சமயம் கிடைக்காது என்று தோன்றியது.

"ஏனுங்க மாமா, தொட்டில எறங்கறப்ப உங்களுக்குக் கோவம் வருதுங்களா?"

"இதுக்கு எதுக்குக் கோவம்? பண்ணைச் சட்டம்."

"நம்மூட்டுக்கும் ஒரு சட்டம் போட்டுக்கலாமுங்களா?"

"என்ன, ஊட்டு வாசல்லயும் தொட்டி கட்டப்போறயா?" என்று சிரித்தார்.

"தொட்டி வேண்டாமுங்க. பெரியாஸ்பத்திரில போயி ஒருக்கா ரத்தம் குடுத்துட்டு வந்தரலாம். வெளில போயி ரொம்ப நாளு இருந்துட்டு வாரீங்க. அடுத்த கொழந்தைக்கு முன்னால பாத்துக்கறது நல்லதுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சிரிப்பு அப்படியே அடங்கி, போசியைத் தரையில் வைத்தார்.

"என்ற மேல உனக்கு நம்பிக்கை இல்ல."

"நம்பிக்கையப் பத்தி இல்லீங்க மாமா..."

"வேற எதப்பத்தி? நாயி மாதிரி அங்க கெடந்து சம்பாரிக்கறது யாருக்கு? அந்த எய்ட்ஸ் டெஸ்ட்டு ரூமு வாசல்ல போயி நான் உக்காந்தா நாளைக்கு ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? போவாத எடத்துக்குப் போனவன்னு நீயே எழுதி ஒட்டிரு."

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அவசரத்தில் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். வெளியே போகிறவர்கள் நனைக்க வேண்டியதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அத்தை ராமாயி போன் செய்தார். "ஏஞ்சாமி, பையன் இங்க வந்து விட்டத்தப் பாத்துட்டுப் படுத்துக் கெடக்கறான். என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் இல்லீங்க அத்தை. பண்ணை மருந்து வாசம் அவருக்கு ஒத்துக்கலையாமா."

அத்தைக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கும். நல்ல மனுஷி, மேலே கேட்கவில்லை.

அந்த நாட்கள் நன்றாக இல்லை. வேலையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு தீவன லாரி டிரைவரை இரண்டு தடவை காலை நனைக்க வைத்தேன். பாவம், அந்த ஆள் என்ன பாவம் செய்தார்? வீட்டில் பச்சைச் சேலையை எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று ஒரு சமயம் தோன்றும். தேவிப்ரியா முகம் ஞாபகம் வந்ததும், கேட்டது சரிதான் என்று தோன்றும்.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர் நிற்கிறார். கக்கத்தில் ஒரு நாட்டுக்கோழி. உயிரோடு, செவலை நிறத்தில், கொழுகொழுவென்று. கோழி என்னைப் பார்த்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா குடுத்தாங்க. கொழம்பு வெக்கச் சொன்னாங்க" என்றார் கோழியிடம்.

அத்தை கொடுத்திருக்கமாட்டார். சமாதானத்துக்கு இவராகக் கேட்டு வாங்கி வந்திருப்பார். எனக்கு மனசு அப்படியே நெகிழ்ந்துவிட்டது. ஆனால் கால் தானாக வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றது.

"ஐயோ மாமா, அதை உள்ள கொண்டாராதீங்க!"

"ஏன்? இன்னும் கோவமா?"

"கோவமில்லீங்க. பண்ணைல வேலை செய்யறவங்க ஊட்டுல வேற கோழி இருக்கக் கூடாது. நாட்டுக்கோழியத் தொட்டா அன்னைக்குப் பண்ணைக்குள்ளயே போவக் கூடாது. எத்தன வருசமாச் சொல்லீட்டு இருக்கறேன்!"

அவர் கோழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கடைசில இந்தக் கோழிக்கும் ரத்தம் எடுக்கோணுமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். கோழி மட்டும் சிரிக்கவில்லை. அதைத் தெருக்கோடியில் இருந்த புளியமரத்தில் கட்டிவிட்டு, குளித்துவிட்டு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மது, நான் கோவப்பட்டது நீ கேட்டதுக்கு இல்ல. கேட்டா நான் சொல்லோணும். சொன்னா நீ பாப்பாவக் கூட்டீட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போயிருவே. அந்தப் பயம்."

எனக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும் இருந்திருக்கிறது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. "சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். கோடை முழுவதும் போட்ட போரெல்லாம் புகை. தண்ணீர் வராமல் வெறும் தூசியாக வந்தால் நிலத்துக்காரர் முகம் செத்துப்போகும், வண்டியில் இருக்கிறவர்களுக்கும் சோறு இறங்காது. அன்றைக்குத் துக்கத்துக்குக் குடிப்பார்கள். தண்ணீர் வந்தால் சந்தோசத்துக்குக் குடிப்பார்கள். குடித்த பிறகு பையன்கள் டவுனுக்குக் கிளம்புவார்கள். "அண்ணன் மட்டும் சாமியாரு" என்று கேலி. போதாததற்கு ஒரு வைத்தியம் வேறு. கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றால் உடம்பில் சூடு ஏறிவிடுமாம், அதை இறக்காவிட்டால் கண் போய்விடுமாம்.

"சூட்ட எறக்க எண்ணெய் தேச்சுக் குளிக்க வேண்டியதுதானுங்களே? வெந்தயம் அந்த ஊர்ல கெடைக்காதா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கூட்டத்துல தனியா நிக்கறது கஷ்டம் புள்ள. அவ்வளவுதான். வேற சாக்குச் சொல்லலை."

பிறகு வண்டியின் கம்ப்ரசர் பழுதாகி, ஒரு சின்ன ஊரில் வாரக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். அங்கே ரோட்டோரம் ரொட்டிக் கடை வைத்திருந்த ஒரு பெண். புருஷன் இல்லாதவள். இவருடைய ஹிந்தியைக் கேட்டுச் சிரிப்பாளாம். வேலை இல்லாமல், ஊர் ஞாபகத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு யாராவது சிரித்துப் பேசினால் போதுமாக இருந்திருக்கிறது.

"மொதல்ல எல்லாம் பாதுகாப்பாத்தான் இருந்தேன். சத்தியமா. எய்ட்ஸ் ஆபீஸ்காரங்க வந்து சொல்லிக் குடுத்ததெல்லாம் எனக்கும் தெரியும். ஒறையும் பையிலயே வெச்சிருந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒருநாளு அவங்க ஊட்டுக்குக் கூப்பிட்டாங்க. கையலம்பத் தண்ணி ஊத்தி, தட்டு வெச்சு, சோறு போட்டாங்க. ரொட்டி திங்கற ஊர்ல எனக்காகச் சோறாக்கி வெச்சிருந்தாங்க. அதுக்கு மேல அதை எப்படிப் புள்ள எடுக்கறது? அவங்க போட்ட தட்டை நான் என்ற துண்டுல தொடைச்சுட்டுத் திங்கற மாதிரி இருக்காதா?"

அவங்க, அவங்க என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று குத்தியது. எங்கள் ஊர்க்காரருக்கு அந்த மரியாதை நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு பிறந்தது. அதற்காக இங்கேயுமா?

"சோறு போட்ட ஊட்டுல நோயி இருக்காதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு உங்களுக்கு?" என்று கத்தினேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாளி நிரம்பி வழிந்தது, நிறுத்தவில்லை. ஒரு கரண்டியை எடுத்து அவர் மேல் எறிய வேண்டும் என்று இருந்தது. எடுத்தும் விட்டேன். அந்தப் பெண் நல்லவளாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையலம்பத் தண்ணீர் ஊற்றியவளை எப்படித் திட்டுவது?

அழுது முடித்த பிறகு ஒன்று உறைத்தது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? வந்த நாளிலிருந்து இலை போட்டு, குழம்பு ஊற்றி, இன்னும் கொஞ்சம் வைங்க மாமா என்று பரிமாறிக்கொண்டு, வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன். நம்ம ஆள் என்று ஆகிவிட்டால் கேட்கக் கூடாது என்பது அவருக்கு மட்டுமா பாடம்? நாங்கள் எல்லோரும் அதிலேயே வளர்ந்தவர்கள்தான்.

மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். அதில் இன்னும் பாக்கி இருக்கிறது, அவ்வப்போது வசூல் செய்துகொள்கிறேன். ஆனால் வெளியே வந்து, ஆறிப்போன டீயை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டுச் சொன்னேன். "நான் எங்கயும் போவல. நாளைக்கு ஆஸ்பத்திரி."

"சரி" என்றார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி தோளைத் தளர விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆலோசகர் சரிதா என்று ஒரு பெண். நாங்கள் பயந்த மாதிரி யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அவரிடம் எல்லாவற்றையும் ஊர்க்கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். புண் ஏதாவது வந்ததா என்றும் கேட்டார்.

"ஒண்ணு வந்துச்சுங்க. வலி இல்ல. தானா ஆறிப்போச்சு. சூட்டுக் கொப்புளம்னு நெனைச்சனுங்க."

மறுபடியும் சூடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சரிதா தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க, ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டு வந்துருங்க" என்றார்.

"ரெண்டு பேருமா? நானா?" என்றேன்.

"ஆமாங்க, நீங்களுந்தான்."

"நான் எதுக்குங்க? நான் பண்ணையும் ஊடுமா இருக்கறவ. எங்கயும் போறதில்ல, வாரதில்ல. இவரு வந்ததுலருந்து பக்கத்துல கூடப் படுக்கல. என்னப் பாத்தா உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். காது இரண்டும் எரிந்தது. சரிதா பேனாவை மூடி வைத்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்புள்ள, தொட்டிக்குக் கண்ணு இருக்குதா?"

திரும்பிப் பார்த்தேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் மீசை துடித்தது. இவ்வளவு வருஷம் ஊராரை எல்லாம் அதட்டின வார்த்தை, என் காலடிக்கே வந்து நிற்கிறது. பத்து நாளாக இந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார் என்று அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தேன். ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "மொதல்ல எனக்கு எடுங்க" என்றேன்.

மத்தியானம்போல் முடிவு சொன்னார்கள். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இல்லை. புதிதாக ஒட்டியிருந்தால் உடனே தெரியாது என்பதால் அவருக்கு மட்டும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது. பால்வினை நோய் ஒன்று, சிபிலிஸ். வலிக்காமல் வந்து தானாக ஆறிப்போன கொப்புளம் அதுதான். புண்தான் ஆறியிருக்கிறது, நோய் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது.

"பயப்படாதீங்க. ஊசி போட்டாச் சரியாயிரும். நல்ல நேரத்துல வந்துட்டீங்க. இது தெரியாம அடுத்த கொழந்தை தங்கியிருந்தா அதுக்கும் போயிருக்கும்" என்றார் சரிதா.

என் வயிற்றில் கை தானாகப் போனது. நடுவில் படுத்துத் தூங்கிய பாப்பாவை நினைத்துக்கொண்டேன். அவளுக்கே தெரியாமல் தன் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறாள். தம்பி மூன்று மாதம் தள்ளி வரட்டும், அவசரமில்லை. அதுவரைக்கும் ஆணுறை என்று ஒரு பொட்டலத்தைச் சரிதா கொடுத்தபோது, அவர் வாங்கக் கூச்சப்பட்டார். நான் வாங்கிக் கைப்பையில் போட்டேன்.

அவருக்கு இடுப்பில் ஊசி. பாறையைத் துளைக்கிற மனுஷன், "அம்மா" என்று கத்தின சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது சரிதா மெதுவாகச் சொன்னார். "அந்தம்மாவுக்கும் இருக்கும். அவங்களுக்கும் தெரியாமத்தான் இருக்கும். சொல்ல முடியுமான்னு பாருங்க. அந்த ஊர் ஆஸ்பத்திரிலயும் இதே ஊசிதான்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பேக்கரியில் டீ சொன்னோம். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனசு லேசாக இருந்தது. தேங்காய் பன் கேட்டு வாங்கித் தின்றேன். பாப்பாவுக்கும் ஒன்று கட்டச் சொன்னேன். ஆனால் சரிதா சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை.

"நம்பர் இருக்குதுங்களா?" என்றேன்.

அவருக்கு யாருடைய நம்பர் என்று புரிந்துவிட்டது. "வேண்டாம் மது. ரொட்டிக் கடைன்னு போட்டு வெச்சிருக்கறேன். இனிக் கூப்பிட மாட்டேன். அழிச்சர்றேன்."

"அழிக்கறது அப்பறம். கூப்பிட்டுச் சொல்லுங்க."

"தப்பா நெனைச்சுக்குவாங்க. அவங்களப் போயி எப்படி..."

"அவங்க போட்ட சோத்தத் தின்னீங்கல்ல? தின்ன ஊட்டுல நோயி இருக்குதுன்னு தெரிஞ்சும், கையத் தொடைச்சுட்டு வந்தர்றதுங்களா?"

சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளுக்காக நான் பேசுவேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் தொட்டியில் தள்ளியிருப்பேன். அவர் போனை எடுத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி, ரொட்டிக் கடையைத் தேடி, அழுத்தி, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"தீனா!" என்றது ஒரு குரல். அதில் இருந்த சந்தோசம் எனக்கு நன்றாகவே கேட்டது. வலித்தது. பன்னைத் தட்டில் வைத்தேன்.

அவர் தன் ஓட்டை ஹிந்தியில் ஆரம்பித்தார். எனக்கு ஹிந்தி தெரியாது. ஆஸ்பத்திரி, ஊசி என்கிற வார்த்தைகள் மாதிரி ஏதோ வந்தன. அந்தப் பக்கம் குரல் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முழுவதும் எனக்கு விளங்கியது. காலையில் சரிதா முன்னால் நான் எழுந்து நின்று கத்தினேனே, அதே கத்தல். நானா? என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது? என்று கேட்கிறாள்.

அவர் திணறிப்போய் என்னைப் பார்த்தார். "வெச்சரட்டுமா?"

"வெச்சராதீங்க. தொட்டியச் சொல்லுங்க மாமா."

"எந்தத் தொட்டி?"

"பண்ணைத் தொட்டிங்க. எல்லாரும் எறங்கறது. யாரு மேலயும் சந்தேகப்படாது, அதுக்குக் கண்ணே இல்லைன்னு சொல்லுங்க."

தொட்டிக்கு ஹிந்தியில் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. கோழி தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, கால் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டே முட்டி மோதினார். ஊசி போட்ட இடுப்போடு எழுந்து நின்று, போனில் அது தெரியாது என்பதையும் மறந்து, ஒரு காலைத் தூக்கி நனைத்துக் காட்டினார். மறுகாலையும் நனைத்தார். பேக்கரிக்காரர் வடைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பக்கம் கத்தல் நின்றது. தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி வந்தது. அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கேக்கறாங்க?" என்றேன்.

"உன்ற சம்சாரமும் ரத்தம் குடுத்தாங்களான்னு கேக்கறாங்க."

நான் போனை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றேன், தமிழில்தான். "நானுந்தானுங்க. மொதல்ல நாந்தானுங்க குடுத்தேன்."

அவர் அதை ஹிந்தியில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து, சரிங்கக்கா என்கிற மாதிரி, "அச்சா தீதி" என்று பதில் வந்துவிட்டது.